வாய் தானா சொன்னாலும் காது கேட்டது கேட்டதுதான்

கேள்வி இதுதான்: டூரெட் சிண்ட்ரோம், அதாவது அசைவும் சத்தமும் தன்னால வந்துட்டே இருக்கற நரம்புக் கோளாறு, இருக்கறவர் பொது இடத்துல இனத்தையோ சாதியையோ கேவலப்படுத்தற வார்த்தைய தன்னையறியாம கத்திட்டா, நோய்தானேன்னு விட்டுடணுமா, இல்ல கேட்டவங்களுக்கு வலிக்குதேன்னு அவர அந்த மாதிரி இடத்துக்கே கூப்பிடாம இருக்கணுமா? பாஃப்டாங்கிற பிரிட்டிஷ் சினிமா விருது விழாவுல நடந்தத பாத்துட்டு கேட்டிருக்கீங்க. நான் பதினாறு வருஷமா ஸ்பீச் தெரபிஸ்ட். திக்கிப் பேசற பசங்க, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பேச்சு போனவங்க, இவங்கதான் என்கிட்ட அதிகம் வருவாங்க, டிக்ஸ், அதாவது தன்னையறியாம திரும்பத் திரும்ப வர்ற அசைவோ சத்தமோ, அதோட வர்ற பசங்க வருஷத்துக்கு ரெண்டோ மூணோ. அந்த அளவுக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

நடந்தது தெரியாதவங்களுக்காக சுருக்கமா. 2026 பிப்ரவரி, லண்டன். ஜான் டேவிட்சன்னு ஒருத்தர், ஸ்காட்லாந்துல கலாஷீல்ஸ்ங்கிற சின்ன ஊர்க்காரர், கடுமையான டூரெட். அவர் ஸ்கூல் பையனா இருந்தப்பவே அவரப் பத்தி பிபிசி எடுத்த டாக்குமென்டரி 1989ல வந்துச்சு, அதுல இருந்து இந்த நோயப் பத்தி ஊர் ஊரா பேசிட்டு வர்றார், அந்த வேலைக்காக 2019ல எம்பிஇங்கிற பிரிட்டிஷ் அரசு கௌரவமும் குடுத்தாங்க. அவர் வாழ்க்கைய வெச்சு எடுத்ததுதான் ஐ ஸ்வேர்ங்கிற படம், அந்தப் படத்துக்காகத்தான் விழாவுக்கு வந்திருந்தார். மேடையில மைக்கேல் பி. ஜோர்டனும் டெல்ராய் லிண்டோவும் விருது குடுக்க நிக்கறாங்க, ரெண்டு பேருமே கறுப்பின நடிகர்கள், அந்த நேரம் பாத்து டேவிட்சன் வாயில இருந்து கறுப்பினத்தவங்கள அடிமையா வெச்சிருந்த காலத்துல இருந்து வர்ற அந்த வார்த்தை, சத்தமா. மேடையில ரெண்டு பேரும் ஒரு நொடி நின்னாங்க, அப்புறம் வந்த வேலைய முடிச்சுட்டுப் போனாங்க. டேவிட்சன் விழா முடியறதுக்கு முன்னாடியே எழுந்து வெளிய போயிட்டார். டிவியில இது லைவ் இல்ல, ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் பிபிசி ஒளிபரப்புச்சு, அப்படியும் அந்த வார்த்தை வெட்டப்படாம வீட்டு ஹாலுக்கு வந்து விழுந்துச்சு. அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க.

உடனே ஊரு ரெண்டாப் பிரிஞ்சுது. ஒரு பக்கம், "உள்ள இல்லாதது எப்படி வெளிய வரும், இனவெறியன்தான்". இன்னொரு பக்கம், "நோயாளிகிட்ட போய் கோவிச்சுக்கறாங்களே, இவங்களுக்கு இரக்கமே இல்லையா". எனக்கு ரெண்டுமே எரிச்சலா இருந்துச்சு, உண்மையைச் சொன்னா ரெண்டாவது கொஞ்சம் கூடவே.

முதல் கட்சிக்கு பதில் மருத்துவத்துல இருக்கு. டிக்னா என்னன்னு கேட்டா தும்மல்னு சொல்லுவேன். மூக்குல ஒரு குறுகுறுப்பு வருது, கொஞ்ச நேரம் அடக்கலாம், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் அடக்கலாம், ஆனா தும்மித்தான் தீரணும். என்கிட்ட வந்த ஒரு பையன் சொன்னது எந்தப் புக்குலயும் இல்ல: "மிஸ், தொண்டைக்குள்ள ஒரு எறும்பு ஏறி வருது, அந்த வார்த்தைய சொன்னாதான் கீழ இறங்குது." அஞ்சாறு வயசுல கண் சிமிட்டல், தோள் குலுக்கல்னு ஆரம்பிக்கும், பத்துல இருந்து பன்னண்டு வயசுல உச்சத்துக்குப் போகும், பாதிக்கு மேல பசங்களுக்கு வளர வளரக் குறையும். அடக்கறதும் தும்மல் மாதிரி கொஞ்ச நேரத்துக்குத்தான், அதனால "சினிமா பாக்கும்போது ஒரு மணி நேரம் சும்மாதானே இருந்தான், அப்ப அடக்க முடியுதுல்ல"ன்னு கேக்காதீங்க. அடக்கினதுக்கு வீட்டுக்கு வந்து வட்டியோட கட்டறான்னு நிறைய அம்மாங்க சொல்லுவாங்க.

கெட்ட வார்த்தை எல்லா டூரெட்லயும் வராது. சினிமாக்காரங்க அத மட்டும் காட்டிக் காட்டி அதுதான் நோய்னு ஆயிடுச்சு. 2009ல வந்த ஒரு ஆய்வுல பல நாடுகள்ல இருந்து 597 பேர எடுத்துப் பாத்தாங்க, ஆண்கள்ல நூத்துக்கு பத்தொன்பது பேர், பெண்கள்ல பதினஞ்சு பேருக்குத்தான் ஏதாவது ஒரு காலத்துல அது வந்திருக்கு. ஆனா நோய்க்கு பேர் வெச்ச நாள்ல இருந்தே இது கூடவே இருக்கு. 1885ல பாரிஸ்ல கீல் த லா டூரெட் ஒன்பது பேரப் பத்தி எழுதினார், அதுல முதல் கேஸ் ஒரு பெரிய பிரபுக் குடும்பத்து அம்மா, 1825லயே இன்னொரு டாக்டர் எழுதி வெச்ச கேஸ் அது. நாலு பேர் நடுவுல மரியாதையாப் பேசிட்டே இருக்கும்போது திடீர்னு மலத்தச் சொல்ற வார்த்தையும் பன்னின்னும் வருமாம். அந்தம்மாவோட வகுப்புல, வீட்டுல, எங்கயும் புழங்காத வார்த்தை, அதனாலதான் அதுவே வந்துச்சு.

இதுதான் முக்கியம். டிக்கு ஆளோட கருத்த எடுத்துட்டு வர்றதில்ல, எத சொல்லவே கூடாதோ அதத் தேடி எடுத்துட்டு வருது. ஏர்போர்ட் செக்கிங்ல நிக்கும்போது "பாம்"னு வரும், சாவு வீட்டுல சிரிப்பு வரும். காது கேக்காம சைகையில பேசறவங்களுக்கு டூரெட் வந்தா கெட்ட வார்த்தை சைகையிலயே வருது, டாக்டர்கள் அதையும் பதிவு பண்ணியிருக்காங்க. அப்ப மேடையில ரெண்டு கறுப்பின நடிகர்கள் நிக்கும்போது அந்த வார்த்தை வந்துச்சுன்னா, அவருக்கு அவங்க மேல வெறுப்புன்னு அர்த்தமில்ல, அந்த இடத்துல அதவிட சொல்லக்கூடாத வார்த்தை இல்லைன்னு அவர் மூளைக்குத் தெரிஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். தப்புன்னு நல்லாத் தெரிஞ்சதாலயே வர்ற வார்த்தை. கொடுமைதான்.

சரி, இப்ப ரெண்டாவது கட்சி. "அவர் வேணும்னு சொல்லல"ன்னு நிரூபிச்சாச்சு, அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. டவுன் பஸ்ல டிரைவர் சடன் பிரேக் போடறார், உங்க கால் பக்கத்துல நிக்கறவர் செருப்புக்கு மேல ஏறுது. உங்க மேல தப்பில்ல. ஆனா அவர் விரல் நசுங்கினது நசுங்கினதுதான். அவர் "ஆ"ன்னு கத்தினா "பிரேக் போட்டது நானில்லையே, ஏன் கத்தறீங்க"ன்னு யாரும் கேக்க மாட்டோம். காலத் தூக்கிட்டு, சாரிண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லுவோம். அந்த சாரி குத்தத்த ஒத்துக்கறது கிடையாது.

வேணும்னு சொன்னானா இல்லையாங்கிறது யாருக்கு தண்டனைன்னு முடிவு பண்றதுக்கு உதவும். வலி இருந்துச்சா இல்லையாங்கிறதுக்கு அது பதிலே இல்ல. அந்த மாதிரி வார்த்தைய சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவங்களுக்கு, காதுல விழுந்த உடனே வயித்துல ஏதோ சுருட்டும், யாரு சொன்னா ஏன் சொன்னாங்கிறதெல்லாம் மூளைக்கு அப்புறம்தான் எட்டும். அந்த ரெண்டு நடிகர்களும் மேடையில மரியாதையா நின்னு முடிச்சாங்க, அதப் பாத்து "எவ்வளவு பக்குவம்"னு எல்லாரும் பாராட்டினாங்க. பக்குவமா இருக்கற வேலைய மட்டும் எப்பவும் வாங்கிக் கட்டிக்கறவங்க தலையிலயே வைக்கறோம்னு யாருக்கும் தோணல. விழா முடிஞ்சு பாஃப்டாவுல இருந்து யாராவது எங்ககிட்ட வந்து பேசியிருக்கலாம்னு லிண்டோ பின்னாடி சொன்னார். அவர் டேவிட்சன குத்தம் சொல்லல, கவனிங்க. விழாவுக்குக் கூப்பிட்டவங்களச் சொல்றார்.

என் கருத்தும் அதேதான். இத டேவிட்சனுக்கும் கறுப்பின நடிகர்களுக்கும் நடுவுல தராசு புடிக்கற மாதிரி பேசினா எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் தப்பாத்தான் வரும், ஏன்னா ரெண்டு பேருமே விருந்தாளிங்க. கணக்கு கேக்க வேண்டியது விருந்து வெச்சவங்கள. கடுமையான டூரெட் இருக்கற ஒருத்தரக் கூப்பிடறோம், என்ன வார்த்தை வேணா வரலாம்னு முன்னாடியே தெரியும், ஹால்ல இருக்கறவங்ககிட்ட அறிவிப்பும் பண்ணியிருக்காங்க. அப்ப மேடையேறப் போற ஆளுங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், அவர்கிட்டயே கேட்டு மைக் பக்கத்துல இல்லாத சீட்டா குடுத்திருக்கணும், வார்த்தை விழுந்த அடுத்த நிமிஷம் மேடைக்குப் பின்னாடி ஒரு பெரிய ஆள் போய் அந்த ரெண்டு பேரையும் பாத்திருக்கணும், இன்னொருத்தர் டேவிட்சன் கூட இருந்திருக்கணும், எடிட் ரூம்ல ஒருத்தர் காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கணும், ரெண்டு மணி நேரம்ங்கிறது எடிட்டிங்ல ஒரு யுகம். இதுல எதுக்கும் பெரிய செலவில்ல. எதுவும் சரியா நடக்காததால கடைசியில ரெண்டு பக்கமும் அசிங்கப்பட்டு நின்னாங்க, ஏற்பாடு பண்ணவங்க ஒரு அறிக்கையோட தப்பிச்சாங்க.

"அதுக்குப் பதிலா அவர தனி ரூம்ல உக்கார வெச்சு டிவியில பாக்க வெச்சிருக்கலாமே"ன்னு நிறைய பேர் சாதாரணமா சொன்னாங்க. லண்டன்ல ஜெஸ் தாம்னு ஒரு கலைஞர் இருக்காங்க, டூரெட் இருக்கு, அவங்களுக்கு அதிகம் வர்ற வார்த்தை "பிஸ்கட்", ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல வரும். 2011ல ஒரு ஷோ பாக்கப் போனாங்க, முன்னாடியே சொல்லிட்டுத்தான் போனாங்க, ஆனா பாதியில மத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு சொல்லி சவுண்ட் பூத்துக்குள்ள போய் உக்காரச் சொல்லிட்டாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து அழுதிருக்காங்க. அப்புறம் "என்னை எழுப்ப முடியாத ஒரே சீட் மேடையிலதான் இருக்கு"ங்கிற மாதிரி தானே ஒரு ஷோ உருவாக்கி ஊரெல்லாம் போட்டாங்க, அது வேற கதை. பிஸ்கட்னு சொன்னதுக்கே கண்ணாடிப் பெட்டின்னா, நம்மளால தாங்க முடியாதது வார்த்தையா ஆளான்னு கேக்கத் தோணுது.

வேலை விஷயத்துல மட்டும் எனக்கு முழுசா தெளிவான பதில் இல்ல, ஏன்னா அங்க தினம் எட்டு மணி நேரம், முன்ன பின்ன தெரியாத ஆளுங்க. அமெரிக்காவுல ரெண்டு கேஸ் உண்டு. மிச்சிகன்ல சூப்பர் மார்க்கெட்ல பை போட்டுக் குடுக்கற பையன், 2000ல தீர்ப்பு. ஜார்ஜியாவுல க்ரோகர் கடை ஊழியர், 2003ல தீர்ப்பு. ரெண்டு பேருக்கும் டூரெட், ரெண்டு பேருக்கும் கஸ்டமர் காதுல விழற மாதிரி ஆபாச வார்த்தையும் இனவெறி வார்த்தையும் வந்துச்சு, ரெண்டு பேரும் கடை மேல போட்ட கேஸ்ல கடைதான் ஜெயிச்சுது. கஸ்டமர் முன்னாடி நிக்கற வேலைக்கு அது சரின்னே வெச்சுக்கிட்டாலும், ஒரு பெரிய கடையில கஸ்டமர் கண்ணுல படாத வேலை எத்தனையோ இருக்குமேன்னு எனக்குத் தோணும். நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருபத்தொரு வகை இருக்கு, டூரெட் பேர் தனியா அதுல இல்ல, அதனால சர்டிபிகேட்டுக்கு அலையற அப்பா அம்மாவ வேற எதுக்குள்ளயாவது நுழைக்க முடியுமான்னு டாக்டருங்க பாப்பாங்க. அந்தச் சட்டமும் நியாயமான வசதி பண்ணிக் குடுங்க, ஆனா அளவுக்கு மீறின சுமையா இருக்கக்கூடாதுன்னுதான் சொல்லுது. பக்கத்துல வேலை பாக்கறவங்களோட மானம் அந்த சுமைக் கணக்குல வருதான்னு சட்டத்துல எழுதல, அத நாமதான் ஒவ்வொரு இடமாப் பாத்து முடிவு பண்ணணும்.

டூரெட் எங்களுக்கு எதுக்குன்னு நினைக்கறவங்க, வீட்டுல டிமென்ஷியா வந்த பெரியவங்கள நினைச்சுப் பாருங்க. ஸ்ட்ரோக் வந்து பொண்டாட்டி பேர் கூட வராத மனுஷனுக்கு கெட்ட வார்த்தை மட்டும் கணீர்னு வரும், அது வேற, அது பேச்சு உடைஞ்சு போய் மிச்சம் கிடக்கறது. ஆனா டிமென்ஷியா வந்த பாட்டி, பாத்துக்க வர்ற ஹோம் நர்ஸ் அக்காவ சாதி பேர் சொல்லி "என் தட்டத் தொடாத"ன்னு சொல்றது டிக் இல்ல. அது அந்த வீட்டுல எப்பவோ புழங்கின வார்த்தை, மூடி கழண்டு போனதால வெளிய வருது, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக்கூடாது. ஆனா பாட்டிய இப்ப திருத்த முடியாதுங்கிறதுல ரெண்டும் ஒண்ணுதான். வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க? "பாட்டிக்கு நினைவே இல்லம்மா, மனசுல வெச்சுக்காத." நினைவில்லாதது பாட்டிக்கு. அந்த அக்காவுக்கு நினைவு நல்லாவே இருக்கு, பஸ் ஏறி வீடு போய் சேர்ற வரைக்கும் இருக்கும். ஒரு வீட்டுல மட்டும் நான் வேற மாதிரி பாத்தேன், பாட்டி அப்படிச் சொன்ன உடனே மகன் எழுந்து வந்து தட்ட தானே வாங்கி ஊட்டினார், அக்காவ பால்கனிக்கு அனுப்பிட்டு, அப்புறம் போய் "எங்க வீட்டு வார்த்தைதான்க்கா அது, நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்"னார். சம்பளமும் ஏத்தினார், அதையும் சொல்லணும்.

இப்ப என்கிட்ட வந்த ஒரு பையன் கதை, எறும்பு சொன்னானே அவன்தான். ஏழாங்கிளாஸ். ரெண்டு வருஷமா கண் சிமிட்டல், "ஹுக்"னு ஒரு சத்தம். கோடை லீவு முடிஞ்சு வந்தப்ப அம்மாவ இழுத்துத் திட்டற வார்த்தை சேந்துச்சு, அத கிளாஸ்ல சிரிச்சு விட்டுட்டாங்க. தீபாவளிக்கு அப்புறம் ஒரு சாதிப் பேரு வர ஆரம்பிச்சுது, அந்த சாதிப் பையன் அவன் பெஞ்ச்லயே பக்கத்துல. ஸ்கூல்ல என்ன பண்ணாங்க தெரியுமா, அந்த இன்னொரு பையன எழுப்பி கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. நல்ல எண்ணத்துலதான். திட்டு வாங்கினவன எழுப்பி பின்னாடி உக்கார வெக்கறோமேன்னு எச்.எம்.க்கு உறைக்கவே இல்ல. அடுத்த வாரம் மத்த அப்பா அம்மா வந்து சத்தம் போடவும் டூரெட் பையனுக்கு டிசி குடுக்கறோம்னாங்க, அவங்க அம்மா என் ரூம்ல உக்காந்து அழுதாங்க, நான் ஸ்கூலுக்குப் போனேன்.

அங்க அந்த இன்னொரு பையனோட அப்பா வந்திருந்தார். லேத் பட்டறை வெச்சிருக்கார், கையில கிரீஸோட அப்படியே வந்துட்டார். நான் தும்மல் கதையெல்லாம் சொல்லி முடிச்சேன், பொறுமையாக் கேட்டார். "அந்தப் பையன் வேணும்னு சொல்லலைன்னு புரியுது மேடம். ஆனா என் மகன் வீட்டுக்கு வந்து 'நாம அதுவாப்பா'ன்னு கேட்டான். எங்க அப்பா என்கிட்ட சொன்ன பதில நான் இவன்கிட்ட சொல்ற நாள் வரக்கூடாதுன்னுதான் இந்த ஸ்கூல்ல கடன் வாங்கி சேத்தேன்." எனக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. கேஸ் குடுக்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்காங்க, வேணாம்னுட்டார். அவர் கேட்டது ரெண்டே விஷயம். கிளாஸ்ல பேசும்போது "அவனுக்கு நோய்"னு மட்டும் சொல்லி விட்டுடக்கூடாது, அந்த வார்த்தை ஏன் அசிங்கம்னும் சொல்லணும். இன்னொண்ணு, "அந்த வார்த்தை வந்தா மிஸ் முதல்ல என் மகனப் பாக்கணும்."

இதுல விசேஷம் என்னன்னா, டிக் வரும்போது டிக் வர்ற பையனப் பாக்காதீங்க, கண்டுக்காதீங்க, கவனிச்சா அதிகமாகும்னு நாங்களே டீச்சருங்ககிட்ட சொல்ற முதல் பாடம் அது. டூரெட் பையனுக்குத் தேவை யாரும் திரும்பிப் பாக்காம இருக்கறது, திட்டு வாங்கின பையனுக்குத் தேவை யாராவது ஒருத்தர் தன்னைப் பாக்கறது. ரெண்டும் இடிக்கவே இல்ல. கிளாஸ் மிஸ் அத ஒரே வாரத்துல பழகிட்டாங்க. வார்த்தை விழும், போர்டுல எழுதற கை நிக்காது, தலை மட்டும் லேசா திட்டு வாங்கின பையன் பக்கம் திரும்பும், அவன் பேரச் சொல்லி அடுத்த வரிய படிக்கச் சொல்லுவாங்க.

மத்தபடி பண்ணது சாதாரணமானதுதான். கடைசி பெஞ்சுக்குப் போனவன அவன் இடத்துக்கே கூட்டிட்டு வந்தோம். டூரெட் பையனுக்கு கதவு பக்கத்துல சீட், எறும்பு ஏறுதுன்னா யாரையும் கேக்காம வராண்டாவுக்குப் போய் அஞ்சு நிமிஷம் கழிச்சு வரலாம், ஆனா போகணும்னு கட்டாயம் கிடையாது. வாய மூடி மூக்கால மெதுவா மூச்சு விடற பயிற்சி தினம் என்கிட்ட இருந்து, மாத்திரை நியூராலஜிஸ்ட்கிட்ட இருந்து. கிளாஸ்ல அவனே எழுந்து பேசினான், நான் எழுதிக் குடுத்தத தூக்கிப் போட்டுட்டு: "அத நான் சொல்லல, ஆனா நீங்க கேட்டீங்கல்ல, அது எனக்கு அவமானமா இருக்கு." இன்னொரு விஷயம் யாரும் எதிர்பாக்கல, மூணு பசங்க அவன மாதிரியே நடிச்சு அந்த சாதி வார்த்தைய சொல்லி சிரிக்க ஆரம்பிச்சாங்க, கேட்டா "எங்களுக்கும் டிக்கு மிஸ்". அங்க கொஞ்சம் கூட இரக்கம் காட்ட வேணாம்னு எச்.எம்.கிட்ட நானே சொன்னேன், அவங்க வீட்டுக்கு லெட்டர் போச்சு. தானா வந்தத மன்னிக்கறதே, வேணும்னு வர்றத மன்னிக்காம இருந்தாதான் தாங்கும்.

அந்த வார்த்தை அஞ்சு மாசத்துல தேஞ்சு போச்சு, அதுக்குப் பதிலா "மின்சார வாரியம்"னு ஒண்ணு வந்துச்சு, ஏன்னு கடவுளுக்குத்தான் தெரியும், அதுக்கு மொத்த கிளாஸும் அவனும் சேந்தே சிரிச்சாங்க. வருஷக் கடைசியில அந்த அப்பா மகனுக்கு டிசி வாங்கிட்டார். நான் அன்னைக்கு வேற ஒரு பையனப் பாக்க அங்க போயிருந்தேன், ஆபீஸ் வாசல்ல பாத்து, அதனாலயா சார்னு கேட்டேன். "இல்ல மேடம், பட்டறைய பைபாஸ் பக்கம் மாத்தறேன், ஸ்கூல் தூரமாப் போயிடும்"னார். பைபாஸ் அங்க இருந்து மூணு கிலோமீட்டர்தான். நான் மேல எதுவும் கேக்கல.